ஆறு வரிகளின் நீக்கம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் படித்தும் கேட்டும் குறை நிறை கூறியும் பத்தாண்டுகள் வளர்ந்த அவை இது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாங்கிப் படித்து, "இச்சொல் இவ்விடத்தில் நிற்குமா?" என்று வினவுவதே இத்தகைய அவைகளின் உயிர்நிலை. இவ்வழக்கம் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடையேயும் இது உண்டு. சில வேளைகளில் இலக்கிய அவைகளினும் கண்டிப்பாகவே நடைபெறுகிறது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருளின் ஒரு மூலையிலிருந்து ஆறு வரிகள் நீக்கப்பட்டன. அந்நீக்கம் ஏன் தேவைப்பட்டது, அதைப் படித்தோர் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது, அதனின்று எழுதுவோரும் திறனாய்வோரும் பெறத்தக்கது யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

1. லினக்ஸின் அவை

1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் தொடங்கிய மென்பொருள் லினக்ஸ். கணிப்பொறியின் வன்பொருளுக்கும் அதன்மேல் இயங்கும் பிற நிரல்களுக்கும் இடையே நின்று இருசாராரையும் இணைப்பது அதன் பணி. அதன் மூலநிரல் ஒளிவு மறைவின்றி உலகோர் அனைவர் முன்னும் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் யாரும் தாமே உட்புகுந்து ஓர் எழுத்தையும் மாற்றிவிட முடியாது.

திருத்தம் அனுப்புவதற்கு ஒரு மரபு உண்டு. நீக்கப்படும் வரியின் முன் கழித்தல் குறியும், சேர்க்கப்படும் வரியின் முன் கூட்டல் குறியும் இடப்படும். இடம் விளங்கும்பொருட்டு மேலும் கீழும் மும்மூன்று பழைய வரிகள் காட்டப்படும். இவற்றிற்கெல்லாம் முன்னதாக, இத்திருத்தம் ஏன் வேண்டும் என்னும் விளக்கம் உரைநடையில் எழுதப்பட வேண்டும். நூலுக்குப் பாயிரம் எப்படியோ, திருத்தத்திற்கு இவ்விளக்கம் அப்படி. இதனை மின்னஞ்சல்வழி அனைவரும் காண அனுப்புதல் வேண்டும். அப்பகுதியின் பொறுப்பாளரும், அதில் பழகிய பிறரும் படித்து வினாக்கள் எழுப்புவர். விடை கிட்டாத திருத்தம் திரும்பிப்போகும்.

2004ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் தம் பெயரைக் கையொப்பமாக இடும் வழக்கம் ஏற்பட்டது. படித்து ஆராய்ந்தவர், சோதித்துப் பார்த்தவர், படித்து இசைவு தெரிவித்தவர் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனிச் சொற்றொடர்கள் உள்ளன. இசைந்தவர் ஆராய்ந்தவராகக் கொள்ளப்படுவதில்லை. ஒருவர் என்ன செய்தாரோ அதற்குரிய சொல்லையே அவர் இடவேண்டும். 2005ஆம் ஆண்டு டோர்வால்ட்ஸே உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள், எந்த வரியை யார், எந்நாள், என்ன காரணம் கூறி எழுதினார் என்பதை என்றும் அழியாமல் காத்துவைக்கிறது. பல்லாண்டுகளுக்குப் பின் வருவோரும் அதனைப் புரட்டிப் பார்க்கலாம்.

2. கம்பியில்லாத கம்பி

இனி, திருத்தம் நிகழ்ந்த இடத்தைக் காண்போம். ஒரு கணிப்பொறியை வலையமைப்புடன் இணைக்க ஈதர்நெட் அட்டையும் கம்பியும் வேண்டும். அந்த அட்டையுடன் பேசத் தெரிந்த நிரற்பகுதிக்கு இயக்கி என்று பெயர். ஒரே கணிப்பொறியைப் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் தனித்தனி நிரல்களைக் குடிவைக்கும் வழக்கம் பின்னர்ப் பெருகியது. அவ்வறைகளைக் கண்டெய்னர் என்பர். ஒவ்வோர் அறையும் தன்னைத் தனிக் கணிப்பொறியாகவே கருதிக்கொள்கிறது. எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு வலையிணைப்பு வேண்டும். அறைக்கொரு மெய்யான அட்டையும் கம்பியும் வைப்பது இயலாது. ஆகவே அட்டையின்றி அட்டை போலவும், கம்பியின்றிக் கம்பி போலவும் நடிக்கும் ஓர் இயக்கி எழுதப்பட்டது. அதன் பெயர் வீத். 2008ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 பதிப்பில் அது இடம்பெற்றது.

வீத் எப்போதும் இணையாகவே பிறக்கும். ஒரு முனையில் இட்டது மறுமுனையில் வெளிவரும். ஒரு முனை அறைக்குள்ளும் மறுமுனை அறைக்கு வெளியிலும் வைக்கப்படும். நடுவில் கம்பியும் இல்லை, மின்னோட்டமும் இல்லை; ஒரே நினைவகத்தில் கிடக்கும் செய்தி, கை மாறுகிறது என்ற அளவே.

3. மொத்தக் கணக்கு

வலையமைப்பில் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்லும். வழியில் பொதி சிதைந்துவிட்டால் அதனைப் பெறுவோர் எவ்வாறு அறிவர்? இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. நான்கு வண்டிகளில் நெல்மூட்டை அனுப்பும் வணிகர் 12, 7, 30, 51 என்று எழுதி, அடியில் மொத்தம் 100 என்றும் குறித்து அனுப்புகிறார். பெறுபவர் மீண்டும் கூட்டிப் பார்க்கிறார். 100 வந்தால் நன்று, 97 வந்தால் எங்கோ பிழை. இணையத்தின் டி.சி.பி. என்னும் ஒழுங்குமுறையிலும் ஒவ்வொரு பொதியும் இத்தகைய ஒரு சரிபார்ப்புத் தொகையைச் சுமந்து செல்கிறது. தொகை பொருந்தாத பொதியைப் பெறுபவர் ஓசையின்றி எறிந்துவிடுவார். ஒப்புகை வாராமை கண்டு அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். பயனாளர்க்கு இடையில் நிகழ்ந்தது எதுவும் தெரியாது. சிதைவற்ற செய்தி மட்டுமே அவரை வந்தடையும்.

இவ்வேற்பாட்டிற்கும் எல்லை உண்டு. தொகை 16 இருமக் கூறுகளால் ஆனது. அது 65,536 மதிப்புகளுள் ஒன்றாக மட்டுமே இருக்க இயலும். எனவே அரிதாகச் சிதைந்த பொதிக்கும் தொகை தற்செயலாகப் பொருந்திவிடலாம். மேலும், 12, 7 என்பது 7, 12 என இடம் மாறினாலும் மொத்தம் 100தான். குறை இருப்பினும், இறுதியில் பெறுபவர் தாமே செய்யும் சோதனை என்பதால் இதன் மதிப்புப் பெரிது. ஈதர்நெட் கம்பிக்கு வேறொரு சோதனை உண்டு; அது இன்னும் வலியது; ஆனால் அது ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே நடப்பது. இடைப்பட்ட கருவியின் உள்ளேயே செய்தி சிதைந்துபோனால், அக்கருவி சிதைந்த செய்திக்கே புதுக் கணக்கிட்டு அடுத்த கம்பியில் ஏற்றிவிடக்கூடும். அவ்வாறு தப்பிய பிழையைப் பிடிக்க முனையில் நிற்கும் சரிபார்ப்புத் தொகையே துணை.

இக்கூட்டலைச் செய்யும் வேலையை விரைவு கருதி வலையட்டையே ஏற்பதுண்டு. அப்போது ஒவ்வொரு பொதியின்மேலும் லினக்ஸ் ஒரு குறிப்பை ஒட்டிவைக்கிறது. "சரிபார்க்கத் தேவையில்லை" என்பது ஒன்று. அட்டை பார்த்துவிட்டது என்பது பொருள். "சரிபார்க்கப்படவில்லை" என்பது இன்னொன்று. அட்டையால் பார்க்க இயலவில்லை, அல்லது பார்த்தபோது தொகை பொருந்தவில்லை என்பது பொருள். "கணக்கு இன்னும் முடியவில்லை" என்பது மற்றொன்று. இக்கணிப்பொறியிலேயே பிறந்து, வெளியேறும்போது தொகை நிறைவு செய்யப்படவேண்டிய பொதிக்கு இது உரியது.

4. தவறிய முத்திரை

வீத் இயக்கியில் இருந்த ஆறு வரிகளுள் மூன்று குறிப்புரை, மூன்று கட்டளை. அக்கட்டளையின் பொருள் இது: "சரிபார்க்கப்படவில்லை" என்ற குறிப்புடன் ஒரு பொதி வந்தால், பெறும் முனையில் சரிபார்ப்பு வசதி இயக்கத்தில் இருக்குமாயின், அக்குறிப்பை "சரிபார்க்கத் தேவையில்லை" என்று மாற்றிவிடுக.

இவ்வாறு எழுதியதற்கு ஏதுவை ஊகிப்பது அரிதன்று. ஒரே வீட்டின் கூடத்திலிருந்து அடுக்களைக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரத்தை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. கம்பியே இல்லாத இடத்தில் கம்பி வழிச் சிதைவு ஏது? வீண் கூட்டலால் நேரம் போவதேன்? இவ்வெண்ணம் செய்தி அவ்வீட்டிலேயே பிறந்ததாயின் பொருந்தும். ஆனால் வெளியூரிலிருந்து வந்த சரக்கும் அதே கதவு வழியாகத்தான் அடுக்களைக்குச் செல்கிறது. மெய்யான அட்டை வழியாக வந்த பொதி, தொகை பொருந்தாமையால் "சரிபார்க்கப்படவில்லை" என்ற குறிப்புடன் வந்து, வீத்தைக் கடந்தவுடன் "சரிபார்க்கத் தேவையில்லை" என்னும் முத்திரை பெற்றது. அறைக்குள் இருந்த டி.சி.பி. அம்முத்திரையை நம்பியது, சிதைந்த செய்தியைப் பயன்நிரலிடம் ஒப்படைத்தது.

நல்ல கருவிகள் நல்லபடி இயங்கும் நாளில் இப்பிழை வெளிப்படாது. ஒரு கருவி பழுதுபட்டால் மட்டுமே வெளிப்படும். ட்விட்டர் என்று அந்நாளில் வழங்கி 2023ஆம் ஆண்டில் எக்ஸ் எனப் பெயர் மாறிய நிறுவனத்தில் அவ்வாறே நேர்ந்தது. அங்கு வலைக்கருவி பொதிகளைச் சிதைத்தது. சிதைந்த செய்தி பயன்நிரல்களைச் சென்றடைந்தது. டி.சி.பி. இருக்கையில் இது நேர்தல் கூடாது என்று உணர்ந்த இரு பொறியாளர்கள், பழுதான கருவியைக் குறைகூறி அமைந்துவிடவில்லை. சிதைவு நேர்வது இயல்பு. சிதைந்தது எறியப்படாமல் உள்ளே வந்தது எப்படி என்று வினவினர். அவ்வினாவே அவர்களை அந்த ஆறு வரிகளிடம் கொண்டு சேர்த்தது.

5. படிக்கப்பட்ட முறை

அவர்கள் அனுப்பிய திருத்தத்தில் கூட்டல் குறி ஒன்றும் இல்லை. ஆறு கழித்தல் குறிகள் மட்டுமே இருந்தன. ஆனால் விளக்கவுரையோ அதனினும் பன்மடங்கு நீண்டது. ஒரு வரியை நீக்குவதற்கு அதனை எழுதுவதைவிட மிகுதியான காரணம் வேண்டும் என்பதைக் கவிஞர்கள் நன்கறிவர்.

இத்தகைய திருத்தத்தைப் படிப்பவர் மனத்தில் எழும் முதல் வினா: அவ்வரிகள் ஏன் வந்தன? அறைகளுக்கிடையே செல்லும் செய்திக்கு வீண் கூட்டலைத் தவிர்க்கவே வந்திருக்கலாம் என்பது விளக்கவுரை தரும் விடை.

இரண்டாவது வினா: அப்படியாயின், நீக்கினால் அந்நன்மை போய்விடாதா? போகாது. உள்ளேயே பிறக்கும் பொதிகள் "கணக்கு இன்னும் முடியவில்லை" என்ற குறிப்பையே சுமக்கின்றன. ஆறு வரிகளோ "சரிபார்க்கப்படவில்லை" என்ற குறிப்பை மட்டுமே தொடுகின்றன. எந்நன்மை கருதி எழுதப்பட்டனவோ அந்நன்மையை அவ்வரிகள் செய்யவே இல்லை என்பது இதனால் புலனாகிறது. தீமை மட்டுமே எஞ்சியிருந்தது.

மூன்றாவது வினா: சோதித்துப் பார்த்தீர்களா? இதற்கு அவர்கள் கூறிய விடை போற்றத்தக்கது. எல்லா அமைப்புகளையும் சோதிக்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சோதித்தவை இன்னின்ன என்று வகுத்துரைத்தனர். பெறும் முனையின் சரிபார்ப்பு வசதியை அணைத்துவைத்தால் அவ்வரிகள் செயலற்றுப்போம். அவ்வகையில் இந்நீக்கத்தின் பயனைத் தம் நிறுவனத்தில் முன்னரே நடைமுறையில் கண்டிருந்தனர். அதனையும் குறிப்பிட்டனர். தாம் அறிந்ததன் எல்லையைத் தாமே வரைந்து காட்டியமையால், படிப்போர்க்கு எங்கே ஐயுற வேண்டும் என்பது எளிதாயிற்று.

மற்றொரு நிரலர் இசைவு தெரிவித்தார். வலைப்பகுதியின் அந்நாளைய பொறுப்பாளரான டேவிட் மில்லர் கையொப்பமிட்டு ஏற்றார். 2016ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.4 பதிப்பில் அந்த ஆறு வரிகள் இல்லை.

6. பாதித் திருத்தம்

இவ்வரலாற்றில் ஆழ்ந்து எண்ணத்தக்க பகுதி வேறொன்று உண்டு. கிட் காத்துவைத்த பழைய ஏடுகளைப் புரட்டியபோது, இதே இடம் 2010ஆம் ஆண்டு திசம்பரிலும் ஒருமுறை திருத்தப்பட்டது தெரியவந்தது. அக்காலத்தில் வீத், "கணக்கு இன்னும் முடியவில்லை" என்ற குறிப்பையும் சேர்த்து அழித்துக்கொண்டிருந்தது. அதனால் அறைக்குள் பிறந்து வெளியுலகிற்குச் சென்ற பொதிகள் தொகை நிறைவுபெறாமலே கிளம்பின. போய்ச் சேர்ந்த இடத்தில் எறியப்பட்டன.  அந்த ஒரு குறிப்பை மட்டும் தொடாதே என்று திருத்தினர். அதனை விளக்கும் குறிப்புரையும் அப்போது எழுதப்பட்டதே.

வெளியே செல்வதற்கு வந்த இடையூறு நீங்கிற்று. உள்ளே வருவதில் இருந்த அதே பிழை மேலும் ஐந்தாண்டுகள் நின்றது. முன்னதில் செய்தி நின்றுபோயிற்று. எனவே எல்லோரும் கண்டனர். பின்னதில் செய்தி வந்துகொண்டே இருந்தது, பொய்யாக வந்தது. எனவே ஒருவரும் காணவில்லை. கூச்சலிடும் பிழை விரைவில் திருத்தம் பெறுகிறது. அமைதியான பிழை நெடுங்காலம் வாழ்கிறது.

திருத்தத்தைப் படிப்பவர்க்குக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கண்ணை ஈர்க்கின்றன. குறியில்லாத வரிகள் பின்னணியாக ஒதுங்கிவிடுகின்றன. மாறிய வரி சரியா என்று கேட்பது மதிப்பாய்வின் முதற்படி. மாறாத வரி ஏன் மாறவில்லை, ஒரு குறிப்புக்குப் பொருந்தாதது மற்றதற்கு மட்டும் பொருந்துமா என்று கேட்பதே அதன் நிறைவு. முதலில் எழுதியவரையோ, பாதி திருத்தியவரையோ குறைகூற இங்கு இடமில்லை. 2007இல் எழுதப்பட்டபோது இருந்த உள்ளமைப்பு பின்னர்ப் பெரிதும் மாறிவிட்டது. சுற்றுப்புறம் மாறியதால் பிழையாகிப்போன வரி அது என்றே 2015ஆம் ஆண்டு விளக்கவுரையும் நடுநிலையுடன் கூறுகிறது.

7. ஏட்டுச்சுவடியின் சான்று

ஏடு பெயர்த்தெழுதிய காலத்துத் தமிழ்நூல்கள் நீண்டதொரு வலைவழியில் பயணம் செய்தவையே. எழுதுவோர் ஒவ்வொருவரும் ஓர் இடைக்கருவி. அவ்வழியில் யாப்பு ஒரு சரிபார்ப்புத் தொகையாய் நின்றது. ஓரெழுத்துக் குறைந்தால் தளை தட்டும்; எதுகை பிறழ்ந்தால் செவி உணரும்; அந்தாதியில் ஒரு பாட்டு விழுந்தால் அடுத்த பாட்டின் முதலே காட்டிக்கொடுக்கும். ஆயினும், 12, 7 இடம் மாறினாலும் மொத்தம் மாறாதது போல, அதே ஓசையுடைய வேறொரு சொல் புகுந்துவிட்டால் யாப்பு அதனைப் பிடிக்காது. அதனாலன்றோ டாக்டர் உ. வே. சாமிநாதையர் யாப்பறிவோடு அமையாமல், ஊர்தோறும் அலைந்து பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார்.

இதற்கு நிகரான ஒரு செய்தி கணிப்பொறியுலகிலும் உண்டு. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனைக் கூறுகின்றனர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவன வலையமைப்பில் ஓர் இடைக்கருவி பழுதுற்று, ஏறத்தாழப் பத்து இலட்சம் எழுத்துகளுக்கு ஒருமுறை ஓர் இணை எழுத்தை முன்பின்னாக மாற்றிவந்தது. கம்பிதோறும் நடந்த சோதனைகள் அதனைக் காணவில்லை. நிரல்கள் சிதைந்தன. இறுதியில் உரியவர்கள் பழைய அச்சுப்படிகளை எடுத்துவைத்து, வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினர். ஐயர் செய்த பணியும் அவர்கள் செய்த பணியும் ஒன்றே.

ஐயரின் பதிப்பில் இன்னொரு சிறப்பும் கருதத்தக்கது. புறநானூற்றில் சிதைந்து போன பகுதிகளைத் தாமே இட்டு நிரப்பாமல், புள்ளியிட்டுக் காட்டினார். அவர்தம் புலமைக்கு அவ்விடங்களை ஓசை கெடாமல் நிரப்புவது அரிய செயலன்று. அவ்வாறு செய்திருந்தால் படிப்போர் ஐயுறும் வாய்ப்பே போயிருக்கும். அப்புள்ளிகள் "சரிபார்க்கப்படவில்லை" என்னும் குறிப்பே ஆகும். வீத் இயக்கி அழித்தது அத்தகைய புள்ளிகளையே.

8. நிறைவுரை

இலக்கிய உலகிலும் இம்முத்திரை வழங்கப்படுகிறது. கையெழுத்துப்படியின் முதல் நான்கு பக்கங்களைப் புரட்டி எழுதப்படும் அணிந்துரை, நட்புக் கருதி எழுதப்படும் மதிப்புரை, மேடை மரியாதைக்காகச் சொல்லப்படும் பாராட்டு ஆகியன யாவும் "சரிபார்க்கத் தேவையில்லை" என்று ஒட்டப்படும் குறிப்புகளே. ஒருவீட்டுப் பிள்ளைகளுக்குள் எடைபோட்டுப் பார்ப்பானேன் என்னும் அன்பே அதற்கும் ஏது. அவ்வன்பில் தீமையில்லை. ஆனால் அம்முத்திரையை நம்பிப் படிப்பவர் ஒருவர் அறைக்குள் இருக்கிறார். தாம் பார்க்கவேண்டியதைப் பிறர் பார்த்துவிட்டார் என்று எண்ணித் தம் கண்ணை மூடிக்கொள்கிறார். படிக்காதவர் வாய்மூடி இருந்திருப்பின், அவராவது படித்திருப்பார்.

ஆகவே, ஆராய்ந்தவர் ஆராய்ந்தேன் என்றும், இசைந்தவர் இசைந்தேன் என்றும், படிக்க நேரமில்லாதவர் படிக்கவில்லை என்றும் உள்ளபடி சொல்லும் அவையே எழுதுவோர்க்குத் துணையாகும். எழுதுவோரும் தம் படைப்பை முன்வைக்கையில், எவ்விடத்தில் தமக்கே உறுதியில்லை என்பதை அந்த இரு பொறியாளர்களைப் போல் சொல்லிவிடுவாராயின், கேட்போர் அவ்விடத்தில் உதவ முடியும். பத்தாண்டுகள் கூடிய அவைக்கு இவ்வுரிமை உண்டு. ஒருவரை ஒருவர் அறிந்தவரிடையே மட்டுமே இது மனம் புண்படாமல் இயலும்.

அடுத்த திங்கள் கூட்டத்தில் ஒரு கவிதை படிக்கப்படும். கைதட்டலுக்கு முன் ஒருவர் எழுந்து, "மூன்றாம் அடியில் அச்சொல் ஏன் நிற்கிறது?" என்று கேட்பாராயின், எழுதியவர் அதனை வரவேற்று விடை கூறுவாராக. விடை இல்லையேல் அச்சொல்லை நீக்குவாராக.